பதினைவரில் ஒருவர் குறைந்தால்

களத்தில் இறங்கி ஆடுவோர் சிலர். கரையில் நின்று வாதாடுவோர் பலர். இஃது எல்லா விளையாட்டுக்கும், எல்லாத் தேசத்திற்கும் பொதுவான இயல்பு. ஆயினும், ரக்பி என்னும் பந்தாட்டம் வேரூன்றிய நாடுகளில், அவ்வாட்டத்தின் அபிமானிகளிடையே ஒரு வாதம் மாத்திரம் தலைமுறை தலைமுறையாக ஓயாமல் நடந்துவருகின்றது. பதினைவர் ஆடவேண்டிய கட்சியில் ஒருவர் குற்றம் செய்து வெளியேற்றப்பட, எஞ்சிய பதினால்வர் எவ்வாறு ஆடுதல் தகும் என்பதே அவ்வாதம்.

ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் ரயில் வண்டியிலே ஒருவர், "பந்தை உதைத்து எதிரியின் எல்லைக்குள் தள்ளிவிட்டுக் காத்து நின்றிருக்கவேண்டும்" என்பார். எதிரே அமர்ந்தவர், "ஆள் குறைந்தவன் பந்தையும் கைவிட்டால் அவனிடம் மிஞ்சுவது யாது?" என்று மறுப்பார். மூன்றாமவர், "முதலில் அந்த முன்னணி வீரரை வெளியே அழைத்ததே பிழை" என்று தொடங்குவார். மறுநாட் பத்திரிகைகளிலும் இதுவே பேச்சு. இம்மூவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவர் சொல்வதையும் ஒருங்கே செய்தல் இயலாது. அதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ரக்பியை நேரிற் கண்டிராத நேயர்களின் பொருட்டு, ஆட்டத்தின் அமைப்பை முதற்கண் சுருங்கக் கூறுவோம்.

ஆட்டத்தின் அமைப்பு

ரக்பி, கட்சிக்குப் பதினைவராக இரு கட்சியார் ஆடுவது. ஆட்ட நேரம் 80 நிமிஷம். அது 40 நிமிஷங் கொண்ட இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. களத்தின் அகலம் ஏறக்குறைய 70 மீட்டர். இரு கோல் கோடுகளுக்கும் இடைப்பட்ட நீளம் ஏறக்குறைய 100 மீட்டர். பந்து முட்டை வடிவினது. அதைக் கையிலேந்தி முன்னோக்கி ஓடலாம்; காலால் முன்னோக்கி உதைக்கலாம்; ஆனால் தோழனுக்குக் கையால் எறியுங்கால் பக்கவாட்டிலேனும் பின்புறமாகவேனுந்தான் எறிதல் வேண்டும். முன்னேறும்பொருட்டுப் பின்னே எறிவதே இவ்வாட்டத்தின் விநோதம். பந்தை ஏந்தியவனை எதிரிகள் பிடித்துத் தரையில் வீழ்த்தலாம். பந்தில்லாதவனைத் தடுத்தல் குற்றமாகும்.

புள்ளி பெறும் வழிகள் நான்கு. எதிரியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுதல் 'ட்ரை' எனப்படும். அதற்கு 5 புள்ளி. ட்ரை பெற்ற கட்சியார் அதன்பின் கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் மேலும் 2 புள்ளி. எதிரி குற்றம் செய்தமைக்காகக் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3 புள்ளி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே பந்தைக் கையினின்று நழுவவிட்டு, அது தரையில் பட்டு எழும் கணத்தில் கம்பங்களிடையே உதைப்பது 'டிராப் கோல்'. அதற்கும் 3 புள்ளி. இக்கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது பின்னர்ப் பயன்படும்.

பதினைவரில் எண்மர் முன்னணியர், எழுவர் பின்னணியர். முன்னணியர் உடல் வலியால் பந்தைப் பெற்றுத் தருவோர். பின்னணியர் வேகத்தாலும் காலாலும் அதைப் பயன்படுத்துவோர். சிறு பிழை நேர்ந்து ஆட்டம் நின்றால், இரு கட்சி முன்னணியரும் தோளோடு தோள் பிணைந்து குனிந்து, எண்மரோடு எண்மர் நெருக்கித் தள்ளுவர். இடையில் இடப்படும் பந்தைத் தன் பின்புறம் கொணரும் கட்சிக்குப் பந்து உரித்தாகும். இதுவே 'ஸ்க்ரம்'. நம்மூர் வடமிழுப்பைத் தலைகீழாக்கினால் ஸ்க்ரம் ஆகும்: அங்கே இழுத்தல், இங்கே தள்ளுதல்; கூட்டு வலிமை வேண்டுதல் இரண்டிற்கும் ஒன்றே.

ஆள் குறையும் விதம்

குற்றம் செய்தவருக்கு மத்தியஸ்தர் அட்டை காட்டுவார். மஞ்சள் அட்டையாயின் அவர் 10 நிமிஷம் வெளியே அமர்ந்திருக்க வேண்டும். சிவப்பு அட்டையாயின் அவர் அவ்வாட்டத்தில் மீண்டும் களம் புக இயலாது. அவருக்குப் பதிலாக வேறொருவரும் வருதல் கூடாது என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த விதி. 2023-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைப் போட்டிகளிலே மற்றொரு முறையும் கையாளப்பட்டது. மத்தியஸ்தர் மஞ்சள் அட்டை காட்டி ஆட்டத்தைத் தொடர, வெளியே இருக்கும் அதிகாரி நிகழ்ச்சியைப் படத்திற் பலமுறை பார்த்து, குற்றம் பெரிதாயின் அதைச் சிவப்பு அட்டையாக மாற்றுவார்.

நம் நாட்டுச் சடுகுடுவில் ஆள் குறைதல் புதுமையன்று. பிடிபட்டவன் வெளியேறுவதும், தன் கட்சி வெல்லும் புள்ளியால் திரும்பி வருவதும் அவ்வாட்டத்தின் மூச்சுப் போன்றவை. புரோ கபடிப் போட்டிகளின் விதிப்படி, மூவரோ அவரிற் குறைந்தவரோ எஞ்சியுள்ள கட்சி, பாடி வருபவனைப் பிடித்துவிட்டால் அதற்கு ஒரு புள்ளி அதிகமாகவும் உண்டு. எளியோனுக்கு விதியே கைகொடுக்கின்றது. ரக்பியில் அவ்வித ஆறுதல் யாதும் இல்லை. குறைந்த கட்சி குறைந்தபடியே ஆட வேண்டும்.

முற்காலத்தில் இக்குறை இன்னும் கொடியதாயிருந்தது. 1968-ஆம் ஆண்டுவரை, சர்வதேச ஆட்டங்களில் காயமுற்று வெளியேறியவருக்குக்கூட மாற்று ஆள் கிடையாது. ஆதலின் பதினால்வராய் ஆடுதல் அந்நாளைய வீரர்களுக்குப் பழகிய துன்பம். குற்றத்திற்காக வெளியேற்றப்படுதலோ மிக அரிது. சர்வதேச ஆட்டத்தில் அவ்வாறு முதன்முதல் வெளியேற்றப்பட்டவர் நியூஜீலாந்தைச் சேர்ந்த சிரில் பிரௌன்லி என்னும் முன்னணி வீரர். 1925-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, லண்டன் நகரையடுத்த டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்தோடு நிகழ்ந்த ஆட்டத்தில், முதற் பத்து நிமிஷத்திற்குள்ளேயே மத்தியஸ்தர் அவரைக் களத்தினின்று அகற்றினார். அந்த நியூஜீலாந்துக் கட்சி அப்பிரயாணத்தில் ஓர் ஆட்டமும் தோலாதது. எஞ்சிய பதினால்வர் 17-க்கு 11 என்ற கணக்கில் ஜயம் பெற்றனர். வெளியேற்றப்பட்டவரின் சகோதரர் மாரிஸ் பிரௌன்லியும் ஒரு ட்ரை பெற்றார்.

அந்நாளில் நியூஜீலாந்தார் ஸ்க்ரமில் எழுவரை மாத்திரம் நிறுத்தி, எட்டாமவரை வெளியே தனித்து உலவவிடுவது வழக்கம். எழுவரில் ஒருவர் போனபின், வெளியே நிற்பவரை உள்ளே அழைப்பதா, அறுவரைக் கொண்டே தள்ளுவதா? நூறாண்டு கழிந்தபின்னும், பெயர்களும் எண்களும் மாறினவேயன்றி, இக்கேள்வி மாறவில்லை.

குறை நிரம்பாது, இடம் மாறும்

இவ்வாதம் முழுவதற்கும் அடிப்படையான உண்மை ஒன்றுண்டு. பதினால்வராய் நிற்கும் கட்சி தன் குறையை நிரப்ப முடியாது. அதை எவ்விடத்தில் வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க மாத்திரம் முடியும். ஏரிக்கரையில் உடைப்பெடுத்தபோது வேறு மண் கிடையாமற்போனால், கரையின் மற்றொரு பகுதியை வெட்டியே அதை அடைக்கவேண்டும். உடைப்பு அடைபடும், ஆனால் வெட்டிய இடம் தாழ்ந்துவிடும். நீர் எவ்விடத்தை முதலில் மோதும் என்பதை அறிந்து வெட்டுபவனே கெட்டிக்காரன்.

முதற் கேள்வி, ஸ்க்ரமில் எண்மரை நிறுத்துவதா, எழுவரை நிறுத்துவதா என்பது. ஆள் குறைந்த கட்சி ஸ்க்ரமிலும் ஆளைக் குறைத்துக்கொள்ள விதி இடங்கொடுக்கின்றது; எதிரி குறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எழுவர் எண்மரைத் தாங்குவது அரிது. பின்வாங்குங்கால் நிலைகுலைந்து குற்றஞ் செய்ய, எதிரிக்குப் பெனால்டி கிடைக்கும். எண்மரையே நிறுத்தினாலோ, பின்னே எழுவர் காக்கவேண்டிய பரந்த நிலத்தை அறுவர் காக்கவேண்டும்.

2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி வெல்லிங்டனில், பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ் கட்சியோடு நியூஜீலாந்து ஆடியபோது, 25-ஆம் நிமிஷ அளவில் ஸோனி பில் வில்லியம்ஸ் என்னும் பின்னணி வீரர் சிவப்பு அட்டை பெற்றார். நியூஜீலாந்தார் தம் முன்னணி வீரராகிய ஜெரோம் கைனோவை வெளியே அழைத்துக்கொண்டு, ங்கானி லௌமாபே என்னும் பின்னணி வீரரைக் களத்திற்கு அனுப்பினர். அதாவது, பின்னே ஏற்பட்ட உடைப்பை முன்னே வெட்டிய மண்ணால் அடைத்தனர். அனுபவம் முதிர்ந்த கைனோவை இழந்தது தகுமா என்று அபிமானிகள் கேட்டனர். எனினும் அம்மாற்றத்தின்பின் இரண்டாம் பாதியில் நியூஜீலாந்தார் 18-க்கு 9 என்று முன்னேறியும் நின்றனர். இறுதியில் லயன்ஸ் கட்சியே 24-க்கு 21 என்று வென்றது.

இதற்கு மறுதலையான யுக்தியை, 2022-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி டுவிக்கன்ஹாமில் அயர்லாந்தோடு ஆடிய இங்கிலாந்துக் கட்சியார் கையாண்டனர். ஆட்டம் தொடங்கி 82 விநாடியே ஆனபோது, சார்லி இவெல்ஸ் என்னும் முன்னணி வீரர் வெளியேற்றப்பட்டார். இங்கிலாந்தார், ஓரத்தில் ஓடும் பின்னணி வீரராகிய ஜாக் நோவலை ஸ்க்ரமின் பக்கத்தில் இணைத்து நிறுத்தினர். அவர் தள்ளுவதற்கென்று வளர்ந்த உடலினர் அல்லர். ஆயினும் அன்று இங்கிலாந்தின் ஸ்க்ரமே எதிரியைத் தடுமாறச் செய்து பெனால்டிகளை ஈட்டித் தந்தது. ஒரு மணி நேரம் கழிந்தபின்னும் கணக்கு 15-க்கு 15 ஆக இருந்தது. பின்னர்க் கால்கள் சோர்ந்தன. அயர்லாந்து 32-க்கு 15 என்று வென்றது. ஸ்க்ரமில் மறைந்த குறை, கடைசி இருபது நிமிஷத்தில் திறந்த வெளியிலே தோன்றிற்று.

நிலமும் பந்தும் மூச்சும்

இரண்டாம் கேள்வி, காவலைப் பற்றியது. காக்கும் கட்சி தன் ஆட்களில் பெரும்பாலோரைக் களத்தின் குறுக்கே வரிசையாக நிறுத்தி, இரண்டொருவரைப் பின்னே வைப்பது வழக்கம். எதிரி நெடுந்தூரம் உதைக்கும் பந்தைப் பிடிப்பவர் அப்பின்னவரே. ஓர் ஆள் குறையின், வரிசையில் இடைவெளி விடுவதா, பின்னே வெளி விடுவதா? வரிசை தளர்ந்தால் எதிரி ஓடிப் புகுவான். பின்புறம் வெறிதானால் உதைத்துப் புகுவான். தேர்ந்த எதிரி இவ்விரண்டையும் மாறி மாறிச் சோதித்துப் பார்ப்பான்.

மூன்றாம் கேள்வியே ரயில் வண்டி வாதத்தின் நடுநாயகமானது: பந்தை வைத்துக்கொள்வதா, உதைத்துவிடுவதா? வைத்துக்கொள்வோர் சொல்லும் நியாயம், பந்து நம் கையில் உள்ளவரை எதிரியின் மிகுதி ஆள் அவனுக்குப் பயன்படான் என்பது. உதைப்போர் சொல்லும் நியாயமோ, பந்தை ஏந்தி மோதி விழுந்து மீண்டும் மீண்டும் முன்னேறுதலே மூச்சை அழிக்கும் வேலை. தன் கோல் கோட்டருகில் அதைச் செய்து பிழைபட்டால் ஆபத்து உடனே வரும். பந்து எதிரியின் கையில் இருந்தாலும் அவன் 60 மீட்டர் கடந்து வரட்டும் என்பது. இரண்டும் உண்மையே. எனவே அனுபவசாலிகள், தம் எல்லையில் உதைத்தும், எதிரியின் எல்லையில் பற்றி வைத்தும், இடத்திற்கேற்ப ஆடுவர்.

நான்காவது, மூச்சு. பதினால்வர் பதினைவர் வேலையைச் செய்வதால் ஒவ்வொருவரும் சிறிது அதிகம் ஓடவேண்டும். இச்சிறிது 20 நிமிஷத்தில் தோன்றாது. 60 நிமிஷத்தில் தோன்றும். ஆதலால் குறைந்த கட்சியார் ஸ்க்ரமுக்கு மெல்ல நடந்து வருவதும், ஆட்டம் நிற்கும் தருணங்களை நீட்டிக்க முயல்வதும் உண்டு. கரையில் இருப்போர் இதைச் சோம்பல் என்று இகழ்வர். களத்தில் இருப்போர் மூச்சைக் கடன் வாங்குகின்றனர் என்பதே உண்மை.

எண்ணிக்கை செல்லாத இடம்

மேற்கூறிய ஆட்டங்களின் கணக்கை ஊன்றி நோக்கினால் ஒரு புதுமை புலப்படும். வெல்லிங்டனில் நியூஜீலாந்து பெற்ற 21 புள்ளிகளும் பெனால்டி உதைகளால் வந்தவை. டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்து பெற்ற 15 புள்ளிகளும் அவ்வாறே. ஒரு ட்ரையும் இல்லை. காரணம் வெளிப்படை. ட்ரை பெற வேண்டுமாயின் பதினைவர் வரிசையைப் பதினால்வர் பிளக்கவேண்டும். அங்கே எண்ணிக்கை பேசும். பெனால்டி உதைக்கும்போதோ எதிரிகள் விலகி அசையாது நிற்பர்; பந்தும் ஒருவர் காலுமே ஆட்டம். அக்கணத்தில் பதினால்வரும் பதினைவரும் சமம்.

இதை நன்கு பயன்கொண்ட ஆட்டம் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி மார்செய் நகரில், உலகக் கோப்பையில், இங்கிலாந்துக்கும் அர்ஜென்டீனாவுக்கும் நிகழ்ந்தது. மூன்றாம் நிமிஷத்திலேயே டாம் கரி என்னும் முன்னணி வீரர் மஞ்சள் அட்டை பெற்றார். அது பின்பு சிவப்பாயிற்று. ஜார்ஜ் போர்ட் என்னும் இங்கிலாந்து வீரர் முதற்பாதியில் ஏறக்குறைய பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று டிராப் கோல்களை அடித்தார். ஆட்டம் முடிவதற்குள் ஆறு பெனால்டிகளையும் உதைத்தார். இங்கிலாந்தின் 27 புள்ளிகளும் அவர் ஒருவர் காலில் பிறந்தவை. அர்ஜென்டீனாவோ 10 புள்ளியோடு நின்றது. அதன் ஒரே ட்ரை ஆட்டம் முடியும் தறுவாயில் வந்தது. வரிசையைப் பிளக்க முயலாமல், வரிசையின் தலைக்குமேல் பந்தைச் செலுத்தியே பதினால்வர் வென்றனர்.

இரு தலைவர்கள், இரு தோல்விகள்

இனி, அபிமானிகள் இன்னும் ஆறாமல் வாதிக்கும் இரண்டு ஆட்டங்களைக் கருதுவோம். முதலாவது, 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஆக்லந்து நகரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம். வேல்ஸும் பிரான்ஸும் ஆடின. முதல் 20 நிமிஷம் முடியுமுன், வேல்ஸ் கட்சித் தலைவர் ஸாம் வார்பர்ட்டன், எதிரியைத் தூக்கி ஆபத்தான வகையில் வீழ்த்தியதற்காகச் சிவப்பு அட்டை பெற்றார். ஒரு மணி நேரத்திற்கு மேல் பதினால்வராய் ஆடிய வேல்ஸ் கட்சியே அன்றைய ஒரே ட்ரையைப் பெற்றது. மைக் பிலிப்ஸ் அதை ஊன்றினார். தொடர்ந்து வந்த 2 புள்ளி உதை தவறிற்று. பின்பு, களத்தின் நடுப்பகுதியினின்று லீ ஹாப்பென்னி உதைத்த பெனால்டி கம்பங்களை எட்டாமல் சற்றே தாழ்ந்து விழுந்தது. கடைசி நிமிஷங்களில் வேல்ஸ் வீரர்கள் பந்தைப் பற்றியபடி மீண்டும் மீண்டும் மோதினர். டிராப் கோலுக்கு முயலவில்லை. பிரான்ஸ் 9-க்கு 8 என்று வென்றது.

இரண்டாவது, 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி பாரிஸை அடுத்து நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நியூஜீலாந்துத் தலைவர் ஸாம் கேன் முதற்பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். இடைவேளையில் தென்னாப்பிரிக்கா 12-க்கு 6 என்று முன்னே நின்றது. அதன்பின் ஒரு புள்ளியும் பெறவில்லை. அன்றைய ஒரே ட்ரையைப் பெற்றவரும் பதினால்வர் கட்சியின் போடன் பாரெட்டே. அதன்பின் வந்த 2 புள்ளி உதை தவறிற்று. ஆட்டம் முடியச் சில நிமிஷமே இருக்க, நெடுந்தூரத்தினின்று ஜார்டி பாரெட் உதைத்த பெனால்டியும் தவறிற்று. தென்னாப்பிரிக்கா 12-க்கு 11 என்று கோப்பையை வென்றது.

இரண்டிலும் வெளியேறியவர் தலைவர். இரண்டிலும் பதினால்வரே ட்ரை பெற்றனர். இரண்டிலும் அதன்பின் வந்த உதையும், இறுதி வேளையின் நெடுந்தூர உதையும் தவறின. இரண்டிலும் தோல்வி ஒரே புள்ளியில். எண்ணிக்கை பேசும் இடத்தில் அவர்கள் வென்றனர். எண்ணிக்கை செல்லாத இடத்தில் தோற்றனர்.

இது தெளிந்தால், வாதத்தில் ஒரு பகுதி வீழ்ந்துவிடும். "தோற்றார்கள், ஆகையால் யுக்தி பிழை" என்று சொல்ல இடமில்லை. அவ்வுதைகளில் ஒன்று ஓரடி விலகிச் சென்றிருப்பின், அதே யுக்தியை அதே மனிதர் மறுநாள் புகழ்ந்திருப்பார்.

வேல்ஸ் கட்சியார் டிராப் கோலுக்கு முயலாதது பிழை என்போர் கட்சிக்கோ இன்னும் வலிமை உண்டு. ஆள் குறைந்தவன் எண்ணிக்கை செல்லாத வழியைத் தேடவேண்டும் என்பது நல்ல நியாயம். மார்செய் ஆட்டம் அதற்குச் சான்று. ஆயினும் டிராப் கோல், பெனால்டியைப் போல அமைதியில் உதைப்பதன்று. உதைப்பவருக்குப் பந்து விரைந்து வரவேண்டும். அவரை நோக்கிப் பாயும் எதிரிகளைத் தோழர்கள் தாமதப்படுத்த வேண்டும். பதினைவராய் உள்ள எதிரிக்குப் பாய்வதற்கு ஓர் ஆள் மிகுதி. தவறினால் பந்து போகும். அத்துடன் ஆட்டமும் போகும். பெனால்டி கிடைக்கும் என்று நம்பிப் பந்தைப் பற்றி நின்றது கோழைத்தனமும் அன்று, மதியீனமும் அன்று. முயன்றிருக்கலாம் என்பதே எம் கருத்து. முயலாததைக் குற்றமென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

பதினைவரின் தொல்லை

குறைந்த கட்சியைப் பற்றியே பேசுவோர், நிறைந்த கட்சியின் சங்கடத்தை மறந்துவிடுகின்றனர். எதிரியில் ஒருவர் போனவுடன் பதினைவருக்கு ஜயம் எளிது என்று உலகம் எண்ணும். அவர்களும் எண்ணத் தலைப்படுவர். திறந்த வெளி எங்கோ இருக்கின்றது என்ற ஆவலில் பந்தை விரைந்து ஓரத்திற்கு எறிந்து பிழைசெய்வர். அல்லது, இழப்பதற்கு அஞ்சி ஒடுங்கி ஆடுவர். இதற்குள் பதினால்வரோ, தத்தம் கடமை இன்னதென்று முன்னிலும் தெளிவாக அறிந்து ஒன்றுபட்டு நிற்பர். அர்ஜென்டீனாவுக்கு நேர்ந்தது இத்தகையதே.

இத்தொல்லையை இருபுறமும் இருந்து அறிந்தவர் ஒருவர் உண்டு. 2017-இல் வெல்லிங்டனில் லயன்ஸ் கட்சிக்குத் தலைமை தாங்கியவர், 2011-இல் ஆக்லந்தில் வெளியேற்றப்பட்ட அதே ஸாம் வார்பர்ட்டன். ஆறாண்டுக்கு முன் தம் தோழர் பதினால்வராய்ப் போராடுவதை நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர், இப்பொழுது பதினைவர்க்குத் தலைவராய் நின்று, பதினால்வரை வெல்ல இயலாமல் ஒன்பது புள்ளி பின்தங்கியதையும் கண்டார். ஆட்டம் முடியச் சில நிமிஷமே இருந்தபோது ஓவன் பாரல் உதைத்த பெனால்டிதான் ஜயத்தைத் தந்தது. அங்கும் முடிவைத் தீர்த்தது ஒருவர் கால்.

தண்டனையின் நோக்கம்

இவ்வாட்டங்கள் பலவற்றிலும் சிவப்பு அட்டை எதற்காகக் காட்டப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வில்லியம்ஸ், இவெல்ஸ், கரி, கேன் ஆகிய நால்வரும் எதிரியின் தலையில் மோதியதற்காகவே வெளியேற்றப்பட்டனர். எவருக்கும் தீய எண்ணம் இருந்ததாகச் சொல்ல வேண்டுவதில்லை. விரைவும் உடல் எடையும் மிகுந்த ஆட்டத்தில், குனிய ஒரு கணம் தவறினாலே இது நேரும். ஆனால் தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி, ஆட்டத்தை விட்டு நெடுங்காலம் கழிந்தபின்னும் மூளையைக் கெடுக்கக்கூடியது. எனவே மத்தியஸ்தர் இரக்கம் காட்டின், அஃது அடிபட்டவனுக்கு இழைக்கும் கொடுமையாகும்.

"ஒருவர் பிழைக்காகப் பதினால்வரும், கட்டணம் செலுத்தி வந்த ஆயிரக்கணக்கானோரும் ஏன் வருந்தவேண்டும்?" என்பார் மற்றொரு சாரார். இவர்கள் முறையீட்டின் பயனாக ஒரு புதிய விதி சோதனைக்கு வந்தது. வெளியேற்றப்பட்டவர் திரும்ப வரமாட்டார். ஆனால் 20 நிமிஷம் கழிந்தபின் அவருக்குப் பதில் வேறொருவர் வரலாம். வேண்டுமென்றே செய்த கொடுங்குற்றத்திற்கு மாத்திரம் பழைய தண்டனையே உண்டு. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த சர்வதேச ஆட்டங்களில் இது கையாளப்பட்டது. தண்டனை குறையின் கவனமும் குறையும் என்று பிரெஞ்சு ரக்பி சங்கத்தார் எதிர்த்தனர். அவர்கள் அச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆள் குறைதலின் துன்பம் பெரிதாயிருப்பதனாலேதான், பயிற்சி செய்விப்போர் தம் வீரர்களைத் தாழக் குனிந்து பிடிக்கப் பழக்குகின்றனர்.

முடிவுரை

இக்கட்டுரையில் யாம் கண்டது இதுவே. ஆள் குறைந்த கட்சிக்குக் குற்றமற்ற வழி என்று ஒன்று இல்லை. ஸ்க்ரமைக் காத்தால் வெளி தளரும். வெளியைக் காத்தால் ஸ்க்ரம் தளரும். பந்தைப் பற்றினால் மூச்சுப் போகும். மூச்சைக் காத்தால் பந்து போகும். எதை இழக்கத் துணிவது என்பதே அவர்கள் கையிலுள்ள ஒரே சுதந்தரம். ஆகவே, கரையில் நிற்கும் நாம் அவர்களைச் சீர்தூக்கும்போது, முடிவில் வந்த எண்ணை ஒருபுறம் வைத்துவிட்டு, அக்கணத்தில் அவர்கள் முன் இருந்த வழிகள் யாவை, அவற்றில் எதை ஏன் தெரிந்துகொண்டனர் என்று கேட்பதே நேர்மை.

இதனால் ரயில் வண்டி வாதம் ஓய்ந்துவிடும் என்று யாம் நம்பவில்லை. ஓயவேண்டும் என்று விரும்பவும் இல்லை. வாதாடுபவர் மூவரும் அடுத்த ஆட்டத்திற்கும் ஒன்றாகவே செல்வர். செல்லும் வழியில் முதலாமவர், "அன்று அவர்கள் வேறு என்ன செய்திருக்கக்கூடும்?" என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வாராயின், அது போதும்.